வைல்ட்கேட் தோட்டாவில் அழுத்தத்தை எதை வைத்துக் கணிப்பது: பிரைமரா, மைக்ரோமீட்டரா, குரோனோகிராஃபா?

வைல்ட்கேட் என்பது தொழிற்சாலைத் தோட்டாவின் கூட்டை வடிவம் மாற்றிப் பட்டறையில் உருவாக்கும், தரப்படுத்தப்படாத தோட்டா. அதற்கு ரைஃபிள் ஒன்றைச் செய்து வாங்கி, தோட்டாவைத் தானே அடைப்பவருக்கு முதல் நாளே வரும் சந்தேகம், வெடிமருந்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான். .308 வின்செஸ்டர் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. தோட்டா அடைக்கும் கையேட்டைத் திறந்தால் ஆய்வகத்தில் அழுத்தம் அளந்து போட்ட அட்டவணை இருக்கும். தோட்டாத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் எஸ்ஏஏஎம்ஐ அமைப்பு .308-க்கு 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .30-06-க்கு 60,000, .270 வின்செஸ்டருக்கு 65,000 என்று உச்ச வரம்பு வகுத்திருக்கிறது, மருந்து நிறுவனங்கள் அதற்குள் அடங்கும் எடையைத்தான் அச்சிடுகின்றன. வைல்ட்கேட்டில் இதெல்லாம் கிடையாது. பித்தளைக் கூட்டில் புல்லட்டைப் பிடிக்கும் கழுத்தைக் குறுக்கியிருப்பார்கள், கழுத்துக்குக் கீழே அகலும் தோளை முன்னே தள்ளியிருப்பார்கள், தோட்டா உட்காரும் சேம்பரைக் குடைந்த ரீமரின் அளவு அந்தப் பட்டறைக்காரருக்குத்தான் தெரியும். ஒரே பெயர் சொல்லும் இரண்டு ரைஃபிள்களுக்குக்கூட சேம்பருக்கும் பேரலின் உட்புற வரிகளுக்கும் இடையிலுள்ள தொண்டையின் நீளம் வேறு வேறாக இருக்கலாம். அதனால் இன்னொருவர் எழுதிவைத்த எடையை அப்படியே தூக்கிப் போட முடியாது.

சரி, அப்போது எதை நம்புவது? வழக்கத்தில் ஐந்து வழிகள் இருக்கின்றன. சுட்ட கூட்டையும் அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரையும் கண்ணால் பார்ப்பது, கூட்டின் அடிப்பகுதியை மைக்ரோமீட்டரால் அளப்பது, குரோனோகிராஃபில் புல்லட்டின் வேகத்தைப் பார்ப்பது, கணினி மென்பொருளில் கணக்குப் போடுவது, பேரலில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி நேரடியாக அளப்பது. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் குரோனோகிராஃப் வாங்குங்கள். பிரைமரைப் பார்த்து மருந்து ஏற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள், அது எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் வழி, ஆனால் இருப்பதிலேயே பலவீனமான வழியும் அதுதான்.

ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு அடிப்படை. அழுத்த அறிகுறி என்று நாம் சொல்வதெல்லாம் கூட்டின் பித்தளை படும் பாடு. பித்தளை எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறதோ அங்கேதான் அறிகுறி தெரியும். அந்த இடத்துக்கும் உங்கள் ரைஃபிளின் வரம்புக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. நல்ல பித்தளையும் இன்றைய போல்ட் ஆக்‌ஷனும் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியும் அடையாளம் பெரும்பாலும் 65,000 பிஎஸ்ஐ-யைத் தாண்டிய பிறகுதான் வர ஆரம்பிக்கும், சில சமயம் 70,000-ஐ நெருங்கும் வரை ஒன்றுமே தெரியாது. அதாவது அறிகுறி வந்தபோது வரம்பை நீங்கள் ஏற்கெனவே கடந்திருக்கிறீர்கள். இன்னும் மோசமான நிலை, .30-30 கூட்டை அடிப்படையாக வைத்துப் பழைய லீவர் ரைஃபிளுக்குச் செய்த வைல்ட்கேட். .30-30-க்கு வரம்பு 42,000 பிஎஸ்ஐ-தான். அந்த ரைஃபிளில் 55,000 போனாலும் பிரைமர் அழகாக உருண்டை விளிம்போடு வெளியே வரலாம். பித்தளைக்கு வலிக்கவில்லை, அவ்வளவுதான். ரைஃபிளுக்கு என்ன ஆயிற்று என்று அது சொல்லாது.

முதலில் பிரைமர்

தட்டையாகப் போன பிரைமர் என்றால் அழுத்தம் அதிகம் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அழுத்தமே இல்லாமலும் பிரைமர் தட்டையாகும். ஹெட்ஸ்பேஸ் என்பது சேம்பரைப் பின்னால் மூடும் போல்ட்டின் முகத்துக்கும், கூட்டை முன்னே தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தூரம். அது தளர்வாக இருந்தால் நடப்பது இது: ஃபயரிங் பின் அடித்ததும் கூடு முன்னே நகர்கிறது, பிரைமர் மட்டும் பின்னுக்கு வந்து போல்ட் முகத்தில் முட்டி நிற்கிறது, அப்புறம் அழுத்தம் ஏறும்போது கூடு பின்னோக்கி வந்து பிரைமரை மறுபடி அதன் குழிக்குள் தள்ளி நசுக்குகிறது. மிதமான மருந்திலேயே பிரைமர் அப்பளமாகிவிடும். வைல்ட்கேட்டில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் முதல் சுடலில் தோள் இன்னும் சேம்பரின் வடிவத்துக்கு வந்திருக்காது, கூட்டை முன்னே ஓடவிடாமல் பிடிக்கப் பொய்த்தோளோ (கழுத்தில் தற்காலிகமாகச் செய்யும் தோள்), பேரலின் உட்புற வரிகளான ரைஃப்லிங்கில் முட்டி நிற்கும் புல்லட்டோ இல்லாவிட்டால் ஹெட்ஸ்பேஸைக் கட்டுப்படுத்த எதுவுமே இருக்காது.

மறுபக்கம், பிரைமர் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அழுத்தம் குறைவு என்று பொருள், கூட்டைப் பின்னே தள்ளும் அளவுக்குக்கூட அது போதவில்லை. அதோடு கழுத்தும் தோளும் கரி படிந்து வந்தால் உறுதி.

பிரைமரில் ஃபயரிங் பின் குழியைச் சுற்றி எழும் மேடு இன்னொரு ஏமாற்று. போல்ட் முகத்தில் இருக்கும் ஃபயரிங் பின் துளை பின்னை விடப் பெரிதாக இருந்தால், அல்லது ஸ்பிரிங் களைத்துப்போயிருந்தால், சாதாரண அழுத்தத்திலேயே பிரைமர் உலோகம் அந்த இடைவெளிக்குள் வழிந்து மேடு கட்டும். உங்கள் ரைஃபிள் தொழிற்சாலைத் தோட்டாவிலேயே இப்படிக் காட்டும் ரகமா என்று அதே போல்ட்டை வைத்து ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டுமே இதற்கு மதிப்பு. பிரைமர் தகட்டின் தடிமனும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஃபெடரல் பிரைமர் மென்மையானது என்று பெயர் வாங்கியது, அதே மருந்தில் சிசிஐ 450 ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருக்கும். ரெமிங்டன் 6½ மெல்லிய தகடு, உயர் அழுத்தத் தோட்டாவுக்கு ஏற்றதே அல்ல, அதற்காகத்தான் 7½ இருக்கிறது. பிரைமரின் பிராண்டை மாற்றிவிட்டு ‘இப்போது அறிகுறி போய்விட்டது’ என்று சந்தோஷப்படுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். போனது அறிகுறி மட்டும்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் பிரைமர் பொய் சொல்லாது. ஓட்டை விழுந்தாலோ, பிரைமர் உட்காரும் குழியின் விளிம்பைச் சுற்றிக் கரும்புகை கசிந்திருந்தாலோ நிறுத்துங்கள். காரணத்தை வீட்டில் உட்கார்ந்து யோசிக்கலாம்.

போல்ட்டும் எஜெக்டர் தடமும்

கூட்டின் அடியில், சுட்ட கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளை வடிவத்தில் பளபளப்பான வட்டம் பதிந்தால், பித்தளை அந்தத் துளைக்குள் வழிந்திருக்கிறது என்று பொருள். பிரைமரை விட இதை நான் அதிகம் நம்புவேன். ஆனால் பிளஞ்சர் வகை (போல்ட் முகத்துத் துளையில் ஸ்பிரிங்கோடு உட்காரும்) எஜெக்டர் இருக்கும் போல்ட்டில்தான் இது தெரியும். பழைய மௌசர் வகை ஆக்‌ஷனில் போல்ட் முகத்தில் அந்தத் துளையே இல்லை, அதனால் ‘தடம் வரவில்லை’ என்ற பேச்சுக்கும் அங்கே இடமில்லை. பித்தளையின் கடினமும் கணக்கில் வரவேண்டும். லாபுவா போன்ற கெட்டியான அடி உள்ள கூட்டில் தடம் தாமதமாக வரும், மென்மையான அடி உள்ள கூட்டில் வரம்புக்குள்ளேயே வந்துவிடும். பாதி சோதனையை ஒரு பிராண்டிலும் மீதியை இன்னொன்றிலும் செய்தால் கையில் எதுவும் மிஞ்சாது.

போல்ட் கைப்பிடி இறுகுவது இன்னும் தெளிவான அறிகுறி. சேம்பர் எஃகு அழுத்தத்தில் கொஞ்சம் விரிந்து பழைய அளவுக்கே திரும்பும். பித்தளை அதன் மீட்சி எல்லையைத் தாண்டி விரிந்துவிட்டால் திரும்பாது. ஆகச் சுருங்கிய எஃகு, சுருங்காத பித்தளையை இறுக்கிப் பிடிக்கிறது. இதிலும் ஒரு பொய் உண்டு. கைப்பிடி எளிதாக எழுந்து மேலே முடியும் இடத்தில் மட்டும் டக்கென்று தட்டினால், பெரும்பாலும் டை (சுட்ட கூட்டைத் திரும்ப அளவுக்குக் குறுக்கும் அச்சு) கூட்டின் அடிப்பகுதியைப் போதுமான அளவு குறுக்கவில்லை. வைல்ட்கேட் டை, ரீமருக்குப் பொருத்தமாகச் செய்யப்படாவிட்டால் இது சர்வசாதாரணம். சேம்பரில் எண்ணெயோ ஈரமோ இருந்தாலும் கூடு சுவரைப் பிடிக்காமல் முழு உந்துதலும் போல்ட் மேல் விழும், அதுவும் அழுத்தம் அதிகம் போலவே காட்டும். மழையில் சுட்ட நாளின் குறிப்பை நான் தனியாக வைப்பேன்.

அக்லி வகை வைல்ட்கேட்டுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. அமெரிக்கத் துப்பாக்கிப் பட்டறைக்காரர் பார்க்கர் ஓட்டோ அக்லி, தொழிற்சாலைத் தோட்டாவின் கூட்டை விரித்துச் செய்த இம்ப்ரூவ்ட் தோட்டாக்களில் கூட்டின் உடல் சரிவு மிகக் குறைவு, தோள் பெரும்பாலும் 40 டிகிரி. சரிவு குறைந்த கூடு சுடும்போது சேம்பர் சுவரை நன்றாகப் பற்றிக்கொள்ளும், அதனால் போல்ட் மேல் விழும் உந்துதல் குறையும். இதைக் காட்ட அக்லி வின்செஸ்டர் 94 ரைஃபிள் ஒன்றை .30-30 இம்ப்ரூவ்டாகக் குடைந்து, பூட்டும் பகுதியின் ஆதரவை எடுத்துவிட்டுச் சுட்டுப் பார்த்தார் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த கதை. ரைஃபிளுக்கு நல்லது போலத் தோன்றும், ஆனால் நோய் கண்டறிபவருக்கு இது கெட்ட செய்தி. நீங்கள் எதை வைத்து அழுத்தத்தைக் கணிக்கிறீர்களோ, அந்தப் போல்ட் இறுக்கமும் எஜெக்டர் தடமும் இந்த வடிவத்தில் தாமதமாக வருகின்றன. அழுத்தம் குறைந்துவிடவில்லை, காட்டிக்கொடுப்பவர் வாயை மூடிக்கொண்டார். இம்ப்ரூவ்ட் கூட்டில் ‘இவ்வளவு வேகம், ஒரு அறிகுறியும் இல்லை’ என்று பெருமையாகச் சொல்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

மைக்ரோமீட்டர்

இது அறிவியல் போலத் தெரிவதால் பலருக்கும் பிடிக்கும். கூட்டை இழுக்கும் கொக்கி பிடிக்கும் எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்துக்கு மேலே, கூட்டின் திடமான அடிப்பகுதியைச் சுடுவதற்கு முன்னும் பின்னும் 0.0001 அங்குலம் வரை காட்டும் பிளேடு மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். 0.0005 அங்குலம் விரிந்தால் நிறுத்து என்று ஒரு பழைய விதி உண்டு. அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் கென் வாட்டர்ஸ் வேறு விதமாகச் சொன்னார்: அதே ரைஃபிளில் தொழிற்சாலைத் தோட்டா எவ்வளவு விரிகிறதோ, அதற்குச் சமமாக உங்கள் தோட்டாவும் விரியட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பித்தளை ஒவ்வொரு முறை சுடும்போதும் கெட்டிப்படுகிறது, முதல் சுடலில் விரிந்த அளவுக்கு மூன்றாவது சுடலில் விரியாது, லாட்டுக்கு லாட் கடினம் மாறுகிறது. 0.0001 அங்குலத்தில் கையின் இறுக்கமே ஒரு எண்ணை மாற்றிவிடும். வாட்டர்ஸ் முறைக்கு ஒப்பிடத் தொழிற்சாலைத் தோட்டா வேண்டும், உங்கள் வைல்ட்கேட்டுக்கு அது எங்கே இருக்கிறது? இம்ப்ரூவ்ட் ரகத்தில் தாய்த் தோட்டாவை, அதாவது அது எந்தத் தொழிற்சாலைத் தோட்டாவிலிருந்து வந்ததோ அதை, அதே சேம்பரில் சுடலாம், ஆனால் அந்தச் சுடலில் கூடு விரிந்து சேம்பரை நிரப்புவதால் உண்மையான அழுத்தம் தொழிற்சாலை எண்ணை விடக் குறைவாகவே இருக்கும். ஒப்பிடும் அடிக்கோடே தவறான இடத்தில் விழுகிறது. வடிவம் பிடிக்கும் முதல் சுடலில் எடுத்த அளவையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இதைவிட எளிதான ஒன்று இருக்கிறது, அதற்குக் கருவியே வேண்டாம். புதிய பிரைமரை அழுத்தி உட்காரவைக்கும்போது கைக்குத் தெரியும் எதிர்ப்பு. ஒரே மருந்தை ஒரே கூட்டில் திரும்பத் திரும்பப் போட்டுச் சுட்டால், ஐந்து சுடலுக்குள் பிரைமர் குழி தளர்ந்துவிடுகிறதா? அப்படியென்றால் மருந்து அதிகம். எனக்குக் கூட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழிகளில் இது ஒன்றுதான் முழு நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் இங்கே ஒரு சுடலின் அதிர்ஷ்டம் கிடையாது, சேர்ந்து வந்த சேதம் தெரிகிறது. குறை என்னவென்றால் தாமதம். ஐந்து முறை சுட்ட பிறகு வரும் செய்தி அது.

குரோனோகிராஃப்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு குறிப்பிட்ட எடையுள்ள புல்லட்டை, ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள பேரலில், பொருத்தமான மருந்தால் தள்ளும்போது, வேகம் சும்மா வராது. யாராவது அதற்கு விலை கொடுக்க வேண்டும், அந்த விலையின் பெயர் அழுத்தம். கூட்டில் கொள்ளளவு கூடினால் அதே அழுத்தத்தில் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கும், ஆனால் எவ்வளவு? இதற்கு நீண்ட காலமாகப் புழங்கும் ஒரு விதி இருக்கிறது: கொள்ளளவு எத்தனை சதவீதம் கூடுகிறதோ, அதில் கால் பங்கு சதவீதம்தான் வேகம் கூடும்.

அளப்பது எளிது. சுட்ட, டையில் போடாத கூட்டை, பழைய பிரைமரோடு எடை போடுங்கள். வாய் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் கொள்ளளவு. தாய்த் தோட்டாவின் கூடு 60 கிரெய்ன் (மருந்தையும் புல்லட்டையும் நிறுக்கும் அலகு) தண்ணீர் கொள்கிறது, உங்கள் வைல்ட்கேட் 64.8 என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீதம் கூடுதல். ஆகவே வேகம் 2 சதவீதம் கூடலாம். தாய்த் தோட்டா அதே நீளப் பேரலில் அதே எடை புல்லட்டை நொடிக்கு 2,900 அடி வேகத்தில் தள்ளுகிறது என்று கையேடு சொன்னால், அதே அழுத்தத்தில் உங்களுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது 2,958. குரோனோகிராஃப் 3,100 காட்டினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, மீதி 140 அடி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கூட்டின் வடிவம் அதைத் தரவில்லை.

.280 அக்லி இம்ப்ரூவ்ட் இதற்கு நல்ல உதாரணம். வைல்ட்கேட்டாக இருந்த இது இப்போது தரப்படுத்தப்பட்டுவிட்டது. .280 ரெமிங்டனை விட நிறைய வேகம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் .280 ரெமிங்டனின் வரம்பு 60,000 பிஎஸ்ஐ, இம்ப்ரூவ்டின் வரம்பு 65,000. வேக வித்தியாசத்தில் ஒரு பங்கு கொள்ளளவால் வந்தது, இன்னொரு பங்கு வெறும் அழுத்தத்தால் வந்தது. இரண்டையும் சேர்த்து வடிவத்தின் புகழாகப் பாடுகிறோம்.

கழுத்தைக் குறுக்கியோ விரித்தோ செய்த வைல்ட்கேட்டுக்குத் தாய்த் தோட்டாவோடு ஒப்பிடக் கூடாது. அதே குழல் விட்டம், கிட்டத்தட்ட அதே கொள்ளளவு உள்ள, தரப்படுத்தப்பட்ட தோட்டா ஒன்றைத் தேடுங்கள். .25 அங்குல வைல்ட்கேட் என்றால் .25-06 ரெமிங்டன், .22 என்றால் .22-250. இரண்டுமே ஒரு காலத்தில் வைல்ட்கேட்டுகள்தான், ரெமிங்டன் 1969-லும் 1965-லும் அவற்றைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அளந்த எண்கள் கிடைத்தன. பேரல் நீளம் வேறாக இருந்தால், நடுத்தர ரைஃபிள் தோட்டாக்களுக்கு ஒரு அங்குலத்துக்கு நொடிக்கு 20 முதல் 30 அடி என்று கூட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

இந்த வழியின் பெரிய பலம், எல்லையை முன்கூட்டியே சொல்கிறது என்பது. பித்தளையைப் பார்ப்பவர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார், வேகத்தைப் பார்ப்பவர் வழியிலேயே தெரிந்துகொள்கிறார். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும்போது ஒவ்வொரு படிக்கும் எத்தனை அடி கூடுகிறது என்று எழுதிக்கொண்டே போனால் இன்னொன்றும் கண்ணில் படும். சீராக ஏறிக்கொண்டிருந்த வேகம் ஒரு படியில் திடீரென்று குதித்தாலோ, மருந்து ஏறியும் வேகம் நின்றுவிட்டாலோ, அங்கே ஏதோ நடக்கிறது. ஒரு படிக்கு ஒரே ஒரு தோட்டா சுட்டு இதைச் சொல்லிவிடாதீர்கள், தோட்டாவுக்குத் தோட்டா இருக்கும் இயல்பான ஏற்ற இறக்கமே அப்படிக் குதித்துக் காட்டும்.

பலவீனமும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. வேகம் என்பது பேரல் முழுவதும் நடந்த தள்ளலின் மொத்தம், உச்ச அழுத்தம் என்பது அதில் ஒரு கணம். மருந்து தோட்டாவுக்கு மிகவும் வேகமாக எரியும் ரகமாக இருந்தால், எதிர்பார்த்த வேகம் வருவதற்கு வெகு முன்னாலேயே அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். ‘இன்னும் 2,958 வரவில்லையே’ என்று ஏற்றிக்கொண்டே போனால் வம்பு. அதனால் வேகக் கணக்கு, ஒப்பிடும் தோட்டாவுக்குக் கையேட்டில் நல்ல வேகம் தரும் மருந்தைப் பயன்படுத்தும்போது மட்டும் செல்லும். பேரலும் பேரலுக்கு வேறுபடும். சில குழல்கள் இறுக்கமானவை, அதே அழுத்தத்தில் குறைந்த வேகம் தரும். இந்த இரண்டு காரணத்தாலும் வேகம் ஒரு கூரைதான், போய்ச்சேர வேண்டிய இலக்கு அல்ல. கூரையைத் தொட்டால் நில், கூரைக்கு முன்பே பித்தளை முனகினாலும் நில்.

மென்பொருள்

குவிக்லோட், ஜிஆர்டி போன்றவற்றைப் பற்றி இரண்டு பேச்சு இருக்கிறது, கடவுள் என்றும் குப்பை என்றும். இரண்டும் இல்லை. நீங்கள் கொடுக்கும் கொள்ளளவு, புல்லட் நீளம், மொத்த நீளம், பேரல் நீளம் ஆகியவற்றையும், தன்னிடம் இருக்கும் மருந்தின் எரிவேகத்தையும் வைத்து அது கணக்குப் போடுகிறது. உங்கள் டப்பாவில் இருக்கும் லாட் அதன் சராசரியை விட வேகமாக எரியலாம். உங்கள் தொண்டை அது நினைப்பதை விடக் குறுகியிருக்கலாம். சுடுவதற்கு முன் எந்த மருந்து பொருந்தும், எங்கே ஆரம்பிக்கலாம் என்று தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. சுட்ட பிறகு, அது கணித்த வேகமும் குரோனோகிராஃப் காட்டிய வேகமும் ஒத்துவரவில்லை என்றால், எரிவேகத்தைக் கொஞ்சம் திருத்தி இரண்டையும் பொருத்தி, அப்புறம் அழுத்தம் என்ன என்று பாருங்கள். அப்போது ஓரளவு நம்பலாம். குரோனோகிராஃப் இல்லாமல் மென்பொருள் மட்டும் என்றால் அது ஊகம்தான், அழகான வரைபடத்தோடு வரும் ஊகம்.

கீழே ஆரம்பிப்பதிலும் ஒரு எல்லை இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய கூடு, சிறிய குழல், மெதுவாக எரியும் மருந்து, இந்தக் கூட்டணியில் பாதுகாப்பு என்று நினைத்து மிகக் குறைவாக அடைத்தால் அழுத்தம் எதிர்பாராமல் எகிறிய சம்பவங்கள் இருக்கின்றன. கணித்த உச்சத்திலிருந்து 10 சதவீதம் குறைத்து ஆரம்பியுங்கள், பாதியாக அல்ல.

ஸ்ட்ரெயின் கேஜ்

சேம்பருக்கு மேலே பேரலில் மெல்லிய கேஜ் ஒன்றை ஒட்டினால், சுடும்போது எஃகு எவ்வளவு விரிகிறது என்று அளந்து, அழுத்தம் ஏறி இறங்கும் முழு வளைவையும் காட்டும். மேலே சொன்ன வழிகள் எல்லாம் சூழ்நிலைச் சாட்சி என்றால் இது நேரில் பார்த்தவர். வளைவின் வடிவமே நிறைய சொல்லும். உச்சம் எங்கே வருகிறது, இரண்டாவதாக ஒரு மேடு எழுகிறதா, ஒரே மருந்தில் தோட்டாவுக்குத் தோட்டா எவ்வளவு மாறுகிறது என்பதெல்லாம் வேறு எதிலும் தெரியாது.

ஆனால் காட்டும் எண்ணை ஆய்வக எண்ணாக நினைத்துவிடக் கூடாது. பேரலின் வெளி விட்டம், சேம்பரின் உள் விட்டம், எஃகின் குணம் ஆகியவற்றிலிருந்து அது கணக்கிடுகிறது, பித்தளை கொஞ்சத்தைத் தானே தாங்கிக்கொள்கிறது, கேஜ் ஒட்டிய விதமும் சேரும். வழக்கமாகத் தொழிற்சாலைத் தோட்டாவைச் சுட்டு அளவீட்டைச் சரிசெய்வார்கள். இம்ப்ரூவ்ட் சேம்பரில் தாய்த் தோட்டாவை வைத்து அதைச் செய்தால், மைக்ரோமீட்டருக்குச் சொன்ன அதே சிக்கல்: உண்மையில் குறைவாக இருக்கும் அழுத்தத்தை 60,000 என்று அதற்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள், அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றையும் அது கூட்டிச் சொல்லும். பாதுகாப்பான பக்கம் தவறுகிறது என்பது ஒரு ஆறுதல். ஒரே ஒரு வைல்ட்கேட் வைத்து வருடத்துக்குச் சில முறை சுடுபவருக்கு இந்த வேலை அதிகப்படி. புதிதாக ஒரு தோட்டாவையே வடிவமைத்து, பல மருந்துகளை ஒப்பிட்டு, மற்றவர்களோடும் எண்களைப் பகிர நினைப்பவர் இதில்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

எந்தக் கருவியும் சொல்லாத காரணங்கள்

கருவி அழுத்தம் ஏறிவிட்டது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. வைல்ட்கேட்டில் மருந்துக்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியது கழுத்து. பெரிய கழுத்தைச் சிறிதாக்கும்போது பித்தளை எங்கும் போய்விடுவதில்லை, சுவர் தடிக்கிறது. அடைத்த தோட்டாவின் கழுத்து சேம்பரின் கழுத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால், சுடும்போது கழுத்து விரிந்து புல்லட்டை விட முடியாது, ஆரம்ப மருந்திலேயே அழுத்தம் கூரையைப் பிய்க்கும். சோதனை மிக எளிது: சுட்டு வெளியே எடுத்த கூட்டின் வாயில் புதிய புல்லட் ஒன்றைப் போட்டால் தானாக வழுக்கி உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லையா, கழுத்தைக் கடைந்து மெல்லியதாக்கும் வரை அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள். பழைய தோள் இருந்த இடம் கழுத்தின் அடியில் உள்ளே வளையமாகத் தடித்து நிற்பதும் இதே வேலையைச் செய்யும், அது விரலுக்குத் தெரியாது, புல்லட்டின் அடி அங்கே போய் முட்டும்போதுதான் தெரியும்.

அடுத்தது கூட்டின் நீளம். வடிவம் மாறும்போது நீளமும் மாறுகிறது, வாய் தொண்டைக்குள் நுழைந்து புல்லட்டைக் கவ்வினால் விளைவு ஒன்றுதான். நூற்றுக்கணக்கில் சுட்ட பேரலில் கூட்டின் வாய்க்கு முன்னால் கரி வளையம் கட்டி நிற்பதும் இதைப் போலத்தான், நேற்று வரை நன்றாக இருந்த மருந்து இன்று போல்ட்டை இறுக்கும். ரைஃப்லிங்கில் முட்டும்படி புல்லட்டை வெளியே உட்காரவைத்து வடிவம் பிடித்தவர்கள், அப்புறம் அதே நீளத்தில் முழு மருந்துக்கு ஏறுவதும் உண்டு. முட்டி நிற்கும் புல்லட் அழுத்தத்தைக் கூட்டும். வெயிலும் அப்படித்தான், சூட்டுக்கு அதிகம் அசையாத மருந்துகள் இருக்கின்றன, எல்லாம் அப்படி அல்ல. குளிர் காலையில் கண்டுபிடித்த உச்சத்தை நண்பகலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கூட்டின் அடிக்குச் சற்று மேலே பளீரென்று ஒரு கோடு சுற்றிவந்தால் பலர் அதையும் அழுத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். அது கூடு நீண்டு அறுந்துகொள்ளப் போகும் இடம், ஹெட்ஸ்பேஸ் பிரச்சினை. மருந்தைக் குறைத்தால் தீராது.

யாருக்கு எது

இம்ப்ரூவ்ட் ரகம், நல்ல போல்ட் ஆக்‌ஷன், தாய்த் தோட்டாவுக்கு நல்ல கையேட்டுத் தரவு இருக்கிறது என்றால் குரோனோகிராஃபும் தண்ணீர் அளவும் போதும், பிரைமர் குழியின் இறுக்கத்தைச் சுடலுக்குச் சுடல் குறித்துவைத்தால் இன்னும் நல்லது. கழுத்து மாற்றிய ரகம், ஒப்பிடத் தக்க தோட்டா ஒன்று இருக்கிறது என்றால் அதோடு மென்பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பிட எதுவுமே இல்லாத புதுக் கொள்ளளவு என்றால் ஸ்ட்ரெயின் கேஜ், அல்லது அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டுத் தரப்படுத்தப்பட்ட ஒன்றை எடுப்பது. இரண்டாவதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, பல வைல்ட்கேட்டுகள் தரும் லாபம் அந்த 2 சதவீதம்தான். பழைய லீவர் ரைஃபிள், குறைந்த வரம்புள்ள ஆக்‌ஷன் என்றால் கூட்டைப் பார்ப்பது ஒரு வழியாகவே எண்ணக் கூடாது, அங்கே வேகம் மட்டும்தான் பேசும், அதுவும் தாய்த் தோட்டாவின் வரம்பை வைத்து.

இரண்டு அறிகுறி ஒன்றுக்கொன்று முரணாக வரும்போது என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வேகம் கணக்குக்கு மேலே போய்விட்டது, பித்தளை சுத்தமாக இருக்கிறது என்றால் வேகத்தை நம்புங்கள், உங்கள் பித்தளை கெட்டி என்பதைத் தவிர அது வேறெதையும் நிரூபிக்கவில்லை. வேகம் கணக்குக்குக் கீழே இருக்கிறது, ஆனால் போல்ட் இறுகுகிறது என்றால் போல்ட்டை நம்புங்கள், கழுத்து, நீளம், கரி வளையம், டை என்ற வரிசையில் காரணத்தைத் தேடுங்கள், எதுவும் கிடைக்காவிட்டால் உங்கள் மருந்து அந்தக் கூட்டுக்கு வேகமானது. போல்ட்டைத் திறக்கக் கைப்பிடியைத் தட்ட வேண்டி வந்தால் அன்றைக்குச் சுடுவது முடிந்தது. அதே எடையிலும் அதற்கு மேலும் அடைத்துக் கொண்டுவந்த மிச்சத் தோட்டாக்களை ‘இதை மட்டும் சுட்டுத் தீர்த்துவிடுவோம்’ என்று நினைக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புல்லட்டைப் பிடுங்கிப் பிரியுங்கள், எந்த டப்பாவிலிருந்து வந்த மருந்து என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதைத் திரும்பக் கொட்டுங்கள்.